மோதினார் விழுங்காத தண்ணீர்

ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். ஓய்வுபெற்றவனைத் தேடி வருகிறவர்கள் கல்யாணப் பத்திரிகை வைப்பார்கள், இல்லாவிட்டால் கையெழுத்துக் கேட்பார்கள். இவர்கள் இரண்டும் செய்யாமல், "பென்சிலின் வராத காலத்துல சீழ் புடிச்ச ஆளுங்கள எப்படி சார் காப்பாத்துனீங்க?" என்று கேட்டார்கள். "பல பேரக் காப்பாத்தல" என்றேன். முகம் சுண்டிப்போய்விட்டது. பாவம், அல்வா வேறு வாங்கி வந்திருந்தார்கள். அல்வாவைச் சாப்பிட்டுவிட்டு அப்படி அனுப்பி வைப்பது எனக்கே நன்றாகப் படவில்லை. காப்பாற்றிய ஒருவரைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தைராய்டு சுரப்பிக்குள் சீழ் வைத்த கதை அது. என் உத்தியோகத்தில் அந்த நோயை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், அந்த ஒரு தடவையும் சிரித்துக்கொண்டும் பயந்துகொண்டும் பார்த்தேன்.

என் பெயர் வைத்தியநாதன். சொந்த ஊர் காரைக்கால். மாமா சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார். துணி மடிக்கக் கற்றுக்கொள் என்று என்னைக் கப்பலேற்றி அங்கே அனுப்பினார்கள். நான் மடித்த துணி ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. பிரெஞ்சு மட்டும் நன்றாக வந்தது. மாமா ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டு, "நீ வேற எங்கயாச்சும் போயி யாரயாச்சும் கெடுப்பா" என்றார். அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் 'இன்ஃபிர்மியே' வேலை கிடைத்தது. ஆண் நர்ஸ் என்று இப்போது சொல்கிறீர்களே, அதுதான். பயிற்சி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருஷம் பாத்திரம் கழுவினேன், அடுத்த வருஷம் கட்டுத்துணி வேகவைத்தேன், அதற்கடுத்த வருஷம் ஊசியைத் தொடவிட்டார்கள்.

எங்கள் வார்டுக்குத் தலைவர் தொக்தர் மொரெல். பட்டாளத்தில் அல்ஜீரியாவில் இருந்துவிட்டு சைகோனுக்கு வந்தவர். குள்ளம், வழுக்கை, மூக்கு மட்டும் ஆளுக்கு முன்னால் நடக்கும். அந்த மூக்கை அவர் சும்மா வைத்திருக்கவில்லை. புண்ணின் கட்டை மோந்து பார்ப்பார், சிறுநீர்க் குப்பியை மோந்து பார்ப்பார், தலையணையை மோந்து பார்ப்பார். ஒரு சுங்க அதிகாரி குடியை அடியோடு விட்டுவிட்டேன் என்று மாதாவின் மேல் ஆணையிட்டார். தொக்தர் அவருடைய தலைமாட்டுப் பூச்சாடியை மோந்து பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து பிராந்திப் புட்டியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். நாங்கள் அவருக்கு 'மோப்பத் துரை' என்று பெயர் வைத்திருந்தோம். அவர் காதில் விழாது என்று நினைத்துத்தான் வைத்தோம்.

நோயாளியிடம் அவர் முதலில் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். "கேட்டால் பொய் சொல்வான். பொய் சொன்ன பிறகு அதைக் காப்பாற்றுவதற்காக இன்னும் நாலு பொய் சொல்வான். எனக்கு எதற்கு அந்த வேலை?" என்பார். மருந்து மாத்திரையைவிட முறைதான் அவருக்கு முக்கியம். கழுத்தில் கட்டி என்று ஒருவர் வந்தால் முக்காலியில் உட்காரவைப்பார். அவர் பின்னால் நின்றுகொண்டு இரண்டு கைவிரல்களையும் கழுத்தின் முன்பக்கம் வைப்பார். நான் முன்னால் ஒரு குவளைத் தண்ணீரோடு நிற்பேன். நோயாளி வாயில் தண்ணீரை வைத்துக்கொள்ள வேண்டும். தொக்தர் சொன்னதும் விழுங்க வேண்டும். தைராய்டு சுரப்பி மூச்சுக்குழாயோடு ஒட்டிக்கொண்டிருப்பது. விழுங்கும்போது குழாய் மேலே ஏறும், சுரப்பியும் கூடவே ஏறும். கட்டி ஏறினால் அது தைராய்டு. ஏறாவிட்டால் வேறு ஏதோ நெறிகட்டி. இன்றைக்கும் இதைத்தான் செய்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைகள் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முப்பதுகளில் ஒரு நோன்பு மாதம். பள்ளிவாசல் தெருவிலிருந்து ஹமீது நானாவைக் கொண்டுவந்தார்கள். நானா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். அந்தத் தெருவுக்கு இப்போது டோங் டு என்று பெயராம். எங்கள் காரைக்கால் ஆட்கள் நிறையப் பேர் அங்கே துணி விற்றுக்கொண்டிருந்தார்கள். நானாவும் காரைக்கால்தான். அங்கிருந்த பள்ளிவாசலில் மோதினார், அதாவது தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கூப்பிடுகிறவர். சைகோனில் இருந்த தமிழர்களுக்கு, இந்து கிறிஸ்தவர் உட்பட, கடிகாரம் அவர் குரல்தான். அது தெருவில் புறப்பட்டு மேலே, மேலே ஏறி, இதற்குமேல் இடமில்லை என்று நாம் நினைக்கிற இடத்தில் இன்னும் ஒரு படி ஏறும். பென் தான் சந்தையில் மீன் விற்கிற அன்னமிய, அதாவது வியட்நாமியப் பெண்கள்கூட அந்த இடத்தில் ஒரு கணம் கையை நிறுத்துவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் நாடியை மார்பில் ஒட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்த முடியாமல் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் அனலாகக் கொதித்தது. கழுத்தின் முன்புறம், சற்று இடது பக்கமாக, சிவந்து வீங்கியிருந்தது. தொட்டால் காது வரைக்கும் வலி இழுத்தது.

"உசுரு போனா போவட்டும் தம்பி. அதுக்கு ஒரு நாளு இக்கிது, அன்னிக்கிப் போவும்" என்றார் என்னிடம் ரகசியமாக. "கொரலு போயிட்டா நான் யாருன்னு எனக்கே தெரியாது. பாத்துக்கங்க."

தொக்தர் முக்காலியில் உட்காரவைத்தார். நான் குவளையைக் கொடுத்தேன். நானா தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டார். "விழுங்கு" என்றார் தொக்தர், நான் தமிழில் சொன்னேன். நானா கண்ணை மூடித் தலையை ஆட்டினார். கட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி ஒரு வாய், மறுபடி அதே கதை. குவளை பாதியாகிவிட்டது, கட்டி அசையவில்லை. உட்கார்ந்திருந்த ஆள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தைராய்டு இல்லை. கழுத்து நெறி. வெந்நீர் ஒத்தடம், படுக்கை, சூப்" என்று தொக்தர் சொல்லிவிட்டார். அவர் மேல் குற்றம் இல்லை. தைராய்டில் சீழ் வைப்பது அத்தனை அபூர்வம். அந்தச் சுரப்பிக்கு நல்ல ரத்த ஓட்டம் உண்டு, சுற்றிலும் உறை உண்டு, உள்ளே அயோடின் வேறு. நாம் காயத்தில் தடவுகிற அதே அயோடின். கிருமி எட்டிப் பார்த்தாலும் உடம்பு விரட்டிவிடும். விரட்டத் தெம்பில்லாத உடம்பில்தான் அது உள்ளே போய்க் குடியேறும்.

நானாவுக்குப் பக்கத்துக் கட்டில் ஆரோக்கியசாமி. புதுச்சேரி ஆள், கிடங்குக் காவலாளி, பெரிய சரீரம். கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். நாட்கள் போகப் போக நானாவின் கழுத்து மோசமாகிக்கொண்டே வந்தது. ஆரோக்கியசாமியோ நாளுக்கு நாள் பளபளவென்று ஆனார். கால் முறிந்தவன் கன்னம் உப்புவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவ்வளவு ஒத்துக்கொள்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். அந்தச் சாப்பாட்டைத் தின்றவன் நான், எனக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு காலை தொக்தர் சுற்றி வந்தார். நானாவின் நெற்றியைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார், முகத்தைச் சுளித்தார். தோல் பளபளப்பாகி, மூச்சு விடும்போது லேசாக விசில் சத்தம் வர ஆரம்பித்திருந்தது. பிறகு குனிந்தார். கட்டிலுக்கு அடியில் வெற்றிலை எச்சில் துப்புகிற படிக்கம் இருந்தது. அதை எடுத்து, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் மூக்கருகே கொண்டுபோனார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் முகம் மட்டும் மலர்ந்தது.

"வைத்தி, இதை மோந்து பார்."

"முசே..." என்று இழுத்தேன். பிரெஞ்சில் ஐயா என்பது அப்படித்தான்.

"பார் என்றேன்."

மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. எச்சில் இல்லை, சளி இல்லை, வெற்றிலை இல்லை. சுத்தமான தண்ணீர்.

தொக்தர் ஆரோக்கியசாமியின் கட்டிலுக்குப் போனார். போர்வையைத் தூக்கினார். இரண்டு சூப் கிண்ணங்கள், இரண்டும் நக்கித் துடைத்தவை. ஆரோக்கியசாமி மேலே கூரையைப் பார்த்துக்கொண்டே, "அவுரு குடுத்தாரு, நான் வாங்கிகினேன். மனுசனுக்கு மனுசன் இதுகூட செய்யலன்னா எப்டி?" என்றார்.

தொக்தர் நானாவின் பக்கம் திரும்பினார். "ரமதான்?" என்றார்.

நானா திடுக்கிட்டுவிட்டார். ஆமாம் என்று தலையாட்டினார். விஷயம் இதுதான். நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை என்பது மோதினாருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் குரலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, இந்த மாதம் ஒரு நோன்புகூட விடமாட்டேன் என்று மனசுக்குள் நேர்ந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் தெரிந்தால் தடுத்துவிடுவார்கள். அதனால் பகலில் சூப் ஆரோக்கியசாமிக்கு, தண்ணீர் படிக்கத்துக்கு. முக்காலியில் உட்கார்ந்து 'விழுங்கிய' தண்ணீரெல்லாம் துண்டுக்குள் போயிருந்தது. விழுங்காத ஆளுக்குக் கட்டி எப்படி ஏறும்? எங்கள் சோதனை சரி, நாங்கள் சோதித்த ஆள்தான் ஒத்துழைக்கவில்லை.

"எச்சிலையாவது விழுங்கச் சொல். அதனால் நோன்பு போகாது, எனக்கும் தெரியும்" என்றார் தொக்தர்.

சொன்னேன். "வாயி காஞ்சு கெடக்கு தம்பி. விழுங்குனா கத்திய வச்சு அறுக்குறாப்ல இக்கிது. ஒரு நாளா எச்சிக்கூட உள்ள எறங்கல" என்றார் நானா.

தொக்தர் கொஞ்ச நேரம் வழுக்கையைத் தடவினார். அப்புறம் அவர் கண்ணில் ஒரு விஷமம் தெரிந்தது. சமையல்கட்டிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொன்னார். நானாவின் கட்டிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார். பழத்தை இரண்டாக அறுத்தார், ஒரு கைவிரலை அவர் கழுத்தின் மேல் வைத்துக்கொண்டு, ஒரு பாதியை வாயில் வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று உறிஞ்சினார். கண்ணைச் சுருக்கினார், பல்லைக் கூசிக் காட்டினார், மறுபடி உறிஞ்சினார். நாயனக்காரர் எதிரில் நின்று புளியங்காய் தின்று காட்டி அவருக்கு எச்சில் ஊறவைக்கிற சேட்டையை நம் ஊரில் செய்யாதவர் யார்? தன் ஊரில் பட்டாள வாத்தியக்காரர்களுக்கு முன்னால் இதே எலுமிச்சம்பழ வேலையைச் செய்து அடி வாங்கியதாக அவர் பிறகு சொன்னார்.

வார்டு முழுக்க வாய் ஊறியது. ஆரோக்கியசாமி சத்தமாக விழுங்கினார். நான் விழுங்கினேன். நானா மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ ஓதினார். தாங்கினார், தாங்கினார், வாசனை எங்கே விடுகிறது? தொண்டை ஒரு குலுக்குக் குலுக்கியது. வலியில் முகம் கோணியது. அந்தச் சிவந்த கட்டி, குழாயோடு சேர்ந்து மேலே ஏறி, மறுபடி கீழே இறங்கியது.

"ஏறுகிறது!" என்று தொக்தர் கத்தினார். அமெரிக்காவைக் கண்டுபிடித்தவன்கூட அப்படிக் கத்தியிருக்கமாட்டான்.

உடனே சிறுநீர் எடுத்துப் பார்க்கச் சொன்னார். நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினேன். செங்கல் நிறத்துக்கு மாறியது. நீரிழிவு. நானாவிடம் கேட்டால், "அது வருஷக்கணக்கா இக்கிது, பாவக்கா தின்னு அடக்கி வச்சிக்கிறேன்" என்றார். பகல் முழுக்கப் பட்டினி, நோன்பு திறந்ததும் பள்ளிவாசல் ஆட்கள் கொண்டுவந்து குவிக்கிற பேரீச்சம்பழமும் பாயசமும். பாவக்காய் பாவம் என்ன செய்யும்? உடம்பின் தெம்பைச் சர்க்கரை தின்றுவிட்டிருந்தது, அந்த இடைவெளியில் கிருமி தைராய்டுக்குள் புகுந்துகொண்டது.

தொக்தர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றுதான் அவர் ஒரு நோயாளியிடம் இத்தனை நேரம் பேசிப் பார்த்தேன். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். உள்ளே சீழ். அறுத்து எடுக்காவிட்டால் மூச்சுக்குழாயை நெரித்துவிடும், இல்லையென்றால் மார்புக்குள் இறங்கிவிடும். மயக்க மருந்து கொடுக்க முடியாது, மரத்துப்போக ஊசி மட்டும் போட்டு, விழித்திருக்கும்போதே அறுக்க வேண்டும்.

"சுரப்பிக்குப் பின்னால் குரலை ஆள்கிற நரம்பு போகிறது. சீழுக்குள் அது என் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் தடுமாறினால் நான் கையை எடுத்துவிடுவேன். வாய் காய்ந்த ஆளால் அத்தனை நேரம் பேச முடியாது. தண்ணீர் குடித்தால் குரல், குடிக்காவிட்டால் நான் குருட்டாம்போக்கில் வெட்ட வேண்டியதுதான்."

"அப்ப அந்தத் தண்ணி மருந்தா?" என்று கேட்டார் நானா.

"மருந்துதான்" என்றேன். இதைத் தொக்தரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"சரி. விட்ட நோன்ப பொறவு களா செஞ்சு நோத்துடுறேன். அல்லா அறிவான்."

தொக்தர் இன்னொன்று கேட்டார். "குரலை உச்சத்துக்குத் தூக்க மேலே தனியாக ஒரு மெல்லிய நரம்பு இருக்கிறது. சாதாரணப் பேச்சில் அது தெரியாது. பள்ளிவாசலில் கூப்பிடுவாரே, அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அதையும் காப்பாற்றப் பார்ப்பேன்."

நான் சொல்லி முடிக்கும் முன்பே நானா தலையை ஆட்டிவிட்டார். "ரத்தமும் சீழும் வழியிற எடத்துல அத சொல்லமாட்டேன். அது தொழுவக் கூப்புடறதுக்கு உள்ளது. நரம்பு எங்க இக்கிதுன்னு தேடிப் பாக்கறதுக்கு உள்ளது இல்ல."

"உச்சம் போய்விடலாம் என்று சொல்."

"வெளங்குது. வேற என்னா வேணுன்னாலும் பேசுறேன்."

தொக்தர் தோளைக் குலுக்கினார். மறுநாள் காலை என்று முடிவாயிற்று. அந்தியில் இன்சுலின் போட்டோம். ஐஸ் பெட்டியில் வைத்துக் கப்பலில் வரும் சரக்கு அது, புட்டியைப் பிடிக்கவே எனக்குக் கை கூசும்.

காலையில் நானா 'பிஸ்மி' சொல்லி ஒரு செம்புத் தண்ணீரை நிதானமாகக் குடித்தார். ஒவ்வொரு மடக்குக்கும் கட்டி ஏறி இறங்கியது, ஒவ்வொரு மடக்குக்கும் அவர் கண்ணில் நீர் வந்தது. மேஜையில் படுக்கவைத்துத் தோளுக்கு அடியில் மணல்மூட்டை கொடுத்து, தலையைப் பின்னால் சாய்த்தோம். கழுத்து முழுக்க அயோடின் தடவினேன். நோவோகெயின் ஊசியை இங்கும் அங்குமாகப் போட்டு, தொக்தர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு தடித்த ஊசியொன்றைக் கட்டிக்குள் செலுத்தி இழுத்தார். பச்சையும் மஞ்சளுமாகக் கெட்டியாக வந்தது. அதில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் தடவி அப்பால் வைத்தார். கத்தியை எடுத்தார்.

"பேசச் சொல்."

நான் தலைமாட்டில் நின்று நானாவின் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "நானா, பேசுங்க."

என்ன பேசுவது என்று முதலில் அவருக்குத் தெரியவில்லை. காரைக்கால் கடைத்தெருவைச் சொன்னார், சைகோன் மழையைத் திட்டினார், ஆரோக்கியசாமியின் குறட்டையைத் திட்டினார். கத்தி ஆழமாகப் போகப் போக அவர் நாக்குக்குச் சூடு பிடித்தது. தனக்குப் பதிலாக இப்போது பாங்கு சொல்கிற ஆளின் ஆட்டுக்குரலைத் திட்டினார். அது முடிந்ததும் தொக்தரிடம் வந்து சேர்ந்தார்.

"நாயி மாதிரி மோந்துக்கிட்டே திரியிறானே, இவனுக்கு ஒரு நாளாச்சும் சளி புடிக்குதா பாரு! படிக்கத்த எடுத்து மோக்குறான் தம்பி, ஒரு வெக்கம் வேணாம்? எலுமிச்சம்பழத்த உறிஞ்சுறான், பச்சப் புள்ள மாதிரி! ரமலான் மாசத்துல!"

"என்ன சொல்கிறார்?" என்றார் தொக்தர், தலை நிமிராமல்.

"உங்களுக்கு நன்றி சொல்கிறார், முசே."

"நீளமான நன்றியாக இருக்கிறதே."

"எங்கள் ஊரில் அப்படித்தான்."

தொக்தர் ஒரு கொக்கியை வைத்துத் தசையை ஒதுக்கினார். நானா உற்சாகத்தின் உச்சியில் இருந்தார். "இந்த மூக்கனப் பெத்தவ என்னத்த தின்னு பெத்தாளோ! இவன் ஒரு கழு..."

அவ்வளவுதான். குரல் நின்றுவிட்டது. உதடு அசைந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை. காய்ந்த இலை உரசுவதைப் போல ஒரு 'ஹா, ஹா' மட்டும். நானாவின் கண் என்னைத் தேடி மேலே உருண்டது. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்து, அவர் நெற்றியிலிருந்து வழுக்கியது.

"குரல் போய்விட்டது, முசே."

தொக்தர் அசையவே இல்லை. கத்தியைத் தட்டில் வைத்தார். கொக்கியை மட்டும் மெல்ல, மிக மெல்லத் தளர்த்தினார். எதையும் தொடாமல் கையை உயரே பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய காதோரத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன். அந்த மனிதருக்கும் பயம் உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பேசுங்க நானா. ஏதாச்சும் பேசுங்க" என்று கெஞ்சினேன்.

நானா வாயைத் திறந்தார். கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் தெளிவாக, முழுசாக வந்தது:

"...த!"

"என்ன சொன்னார்?" என்றார் தொக்தர்.

"அதே நன்றிதான், முசே. பாக்கி இருந்தது."

கொக்கியை வேறு கோணத்தில் மாற்றி வைத்தார். அடுத்த கணம் சீழ்ப்பை திறந்துகொண்டது. அறை முழுக்க நாற்றம் பரவியது. தொக்தர் அதையும் ஆழமாக ஒருமுறை மோந்து, திருப்தியாகத் தலையசைத்தார். கழுவிவிட்டு, மிச்சம் வடிவதற்கு ரப்பர்த் துண்டு ஒன்றை வைத்து மேலே கட்டினோம். சாயம் ஏற்றிப் பார்த்தபோது கண்ணாடிச் சில்லில் ஊதா நிறத்தில் திராட்சைக் கொத்துகள். ஸ்டாஃபிலோகாக்கஸ். சாதாரணச் சிரங்கில் இருக்கிற கிருமிதான்.

கட்டு மாற்றுவதும், கழுவுவதும், இன்சுலினும், அளந்து வைத்த சாப்பாடுமாக நாட்கள் போயின. காய்ச்சல் இறங்கியது. நானா தலையை நிமிர்த்தினார். பெருநாள் அன்று வார்டிலேயே எல்லோருக்கும் அவர் வீட்டுப் பிரியாணி வந்தது, அவருக்கு மட்டும் நான் கோதுமை ரொட்டி கொடுத்தேன். என்னை அவர் பார்த்த பார்வையில் என் வேட்டி எரியாமல் தப்பியது அதிசயம். ஆரோக்கியசாமிக்குத்தான் பெரிய வருத்தம். "அந்தாளு சாப்புட ஆரம்பிச்சதுல நஷ்டம் எனக்கு" என்று கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

பேச்சு நன்றாக வந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஒரு பிற்பகல் நானா குளியலறைக்குள் போய் நெடுநேரம் கழித்துத் திரும்பினார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கட்டு மாற்றப் போனேன், திரும்பவில்லை.

"என்ன நானா?"

"மேல போவல தம்பி. பாதி வழியில நிக்கிது. தள்ளிப் பாத்தேன், காத்துதான் வருது."

கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றேன். அவரும் ஆமாம் என்றார். இருவருமே நம்பவில்லை. தொக்தரிடம் சொன்னேன். அன்று அவர் யார் கட்டையும் மோந்து பார்க்கவில்லை.

நானா வீட்டுக்குப் போனார். புண் ஆறியது. சில வாரங்கள் கழித்து, இன்று மாலை நானே பாங்கு சொல்லப்போகிறேன் என்று ஆள் அனுப்பினார். ஜமாத்தில் சிலர், வேண்டாம், இருக்கிற ஆளே இருக்கட்டும் என்று முணுமுணுக்கிறார்கள் என்பதும் காதில் விழுந்தது. நான் தொப்பியை எடுத்தபோது தொக்தரும் தொப்பியை எடுத்தார். "எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது" என்றார். அந்தப் பக்கம் அவருக்கு என்ன வேலை, வேட்டியா வாங்கப்போகிறார்?

பள்ளிவாசலுக்கு எதிர்ப்பக்கம், ஒரு துணிக்கடை ஓரத்தில் நின்றோம். சுற்றிலும் எங்கள் காரைக்கால் ஆட்களின் கடைகள். கஜக்கோலால் துணி அளந்துகொண்டும், அன்னமியப் பெண்களோடு பேரம் பேசிக்கொண்டும் இருந்தார்கள்.

குரல் வந்தது. வழக்கத்தைவிடக் கீழே ஆரம்பித்தது. தாழ்ந்து, கொஞ்சம் கனத்து, அடிவயிற்றிலிருந்து வந்தது. மேலே ஏற வேண்டிய இடம் நெருங்க நெருங்க நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தொக்தரின் கை தன் கழுத்துக்கே போய்விட்டது. குரல் ஏறவில்லை. ஏற முயற்சிகூடச் செய்யாமல், இருந்த உயரத்திலேயே நீண்டு, நின்று, அடுத்த வரிக்குப் போனது. அப்படியே முடிந்தது.

"போய்விட்டது" என்றார் தொக்தர்.

கடைக்காரர்கள் கஜக்கோலை வைத்தார்கள். ஒருவர் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். இன்னொருவர் கடைப் பலகையைச் சாத்தினார். தலையில் குல்லாயை வைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகத் தெருவைக் கடந்து எங்களைத் தாண்டிப் போனார்கள். யாரும் நின்று குறை சொல்லவில்லை.

தொழுகை முடியும் வரை காத்திருந்தோம். நானா வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் வேகமாக நடந்து வந்தார். தொக்தர் தொப்பியைக் கழற்றினார். "உச்சம் போனது என் கையால். எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவரிடம் சொல்" என்றார். ஒரு வெள்ளைக்கார தொக்தர் எங்கள் ஆள் ஒருவரிடம், அதுவும் நடுத்தெருவில், இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சொற்கள் எனக்கே தடுமாறின. எப்படியோ தமிழில் சொல்லி முடித்தேன்.

நானா கழுத்துத் தழும்பைச் சொறிந்துகொண்டே தொக்தரை மேலும் கீழும் பார்த்தார்.

"மேல உள்ளவனுக்குக் கேக்கவா தம்பி பாங்கு சொல்றோம்? அவனுக்கு நான் சொல்லாட்டியும் தெரியும். கீழ உள்ளவங்களக் கூப்புடத்தான் சொல்றது. அவங்கதான் வந்துட்டாங்களே, இவருக்கு என்னா கவல?"